மாறும் பருவமும் காட்டோர நோய்களும்: கால்நடை நலம் காக்கும் வழிகள்

கால்நடைத் தொற்றுநோய்களில் பெரும்பாலானவை பருவத்தோடு பிணைந்தவை. கோடை முடிந்து மழை தொடங்கும் நாட்களில் மாடுகளில் தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் தலைகாட்டும். மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆடுகளுக்குத் துள்ளுமாரி வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செம்மறிப் பட்டிகளில் நீலநாக்கு நோய் பரவும். வறட்சியில் புல்லை வேரோடு கரம்பி மேயும் மாடுகளின் வாய்க்கு, மண்ணில் பல ஆண்டுகளாகக் கிடந்த அடைப்பான் நோயின் வித்துகள் எட்டும். இந்த வரிசையைக் கிடைக்காரர்களும் பட்டிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக அறிந்தே வந்திருக்கிறார்கள். கால்நடைத் துறையின் தடுப்பூசி அட்டவணையும் இதை நம்பித்தான் அமைந்தது. காலநிலை மாற்றம் குலைப்பது இந்த வரிசையைத்தான். மழை தள்ளிப் போகிறது, அல்லது ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டுகிறது. வெயில் நீள்கிறது. அட்டவணை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இதனோடு சேர்ந்து வருவது காட்டின் நெருக்கம். மேய்ச்சல் நிலம் சுருங்கி மாடுகள் காட்டுக்குள் போகின்றன. காட்டுக்குள் நீர் வற்றி விலங்குகள் ஊர்க் குளத்துக்கு வருகின்றன. ஒரே குட்டையில் காட்டுமாடும் கறவை மாடும் நீர் குடிக்கும்போது கிருமி இரு பக்கமும் கடக்கிறது. வறட்சி கூடினால் இந்தச் சந்திப்பும் கூடும். ஆகவே காலநிலை, காட்டுநோய் என்ற இரண்டையும் தனித்தனிச் சிக்கல்களாக ஆராய்ந்தால் இரண்டுமே விளங்காது.

பாதிக்கப்படுவோர் யார் என்பதும் தெளிவு. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 2.45 கோடி கால்நடைகள் உள்ளன. அவற்றில் மாடுகள் 95 லட்சம், வெள்ளாடுகள் ஏறத்தாழ 99 லட்சம், செம்மறிகள் 45 லட்சம். கோழியினங்கள் 12 கோடிக்கு மேல். கோழிப் பண்ணைகளை விட்டுவிட்டால், இவற்றில் பெரும்பகுதி சிறு விவசாயிகளிடமும் நிலமற்ற குடும்பங்களிடமும் ஒன்றிரண்டு கறவை மாடுகளாகவும் ஐந்தாறு ஆடுகளாகவும் இருக்கிறது. அத்தகைய வீட்டில் ஒரு சினை மாடு இறப்பது அந்த ஆண்டின் வருமானமே இறப்பதாகும்.

வெயில் உடலைக் கெடுக்கும் விதம்

மாட்டின் உடல் தீவனத்தைச் செரிக்கும்போதே வெப்பத்தை உண்டாக்குகிறது. அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும். அதற்கேற்ப உள்வெப்பமும் கூடும். வியர்வையாலும் மூச்சிரைப்பாலும் அந்த வெப்பம் வெளியேற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் இரண்டுமே போதாமல் போகும். அதனால் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப-ஈரப்பதக் குறியீடு ஒன்றைக் கால்நடை அறிவியல் பயன்படுத்துகிறது. அது 72ஐத் தாண்டினால் அதிகப் பால் தரும் மாடு நெருக்கடிக்குள் நுழைகிறது என்பது பொதுவான அளவுகோல். 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்பது தமிழகக் கடலோரத்தில் மிகச் சாதாரணமான ஒரு நாள். அன்று குறியீடு 84ஐத் தொடும். அதாவது ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகள் இங்கே ஆண்டின் பெரும்பகுதியை ஏற்கெனவே நெருக்கடியில்தான் கழிக்கின்றன. இரவுக் குளிர்ச்சிதான் அவற்றுக்கு மீளும் நேரம். இரவுகளும் சூடாகும்போது அந்த ஆறுதல் பறிபோகிறது.

முதலில் குறைவது பால். அடுத்து சினை பிடிப்பது தவறுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது நோய் எதிர்ப்பு ஆற்றல். கோடையில் மடிவீக்கம் மிகுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. எருமை வெயிலை இன்னும் குறைவாகவே தாங்கும். கறுத்த தோல் வெப்பத்தை வாங்குகிறது. வியர்வைச் சுரப்பிகளோ குறைவு. நீரில் புரண்டு உடலைக் குளிர்விப்பது அதற்கு வாழ்க்கைத் தேவை. குட்டை வற்றிய ஊரில் எருமை வளர்ப்பது கடினம். தமிழ்நாட்டில் 2012இல் 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019இல் 5.2 லட்சமாகக் குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், நீர்நிலைகளின் நிலையை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட முடியாது.

காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் போன்ற நாட்டு மாடுகள் வெப்பத்தையும் உண்ணியையும் நன்றாகத் தாங்குகின்றன. இதை வைத்து நாட்டு மாட்டுக்கு நோயே வராது என்று பேசுவது ஆபத்தானது. 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தோல் கழலை என்னும் வைரஸ் நோயால் மடிந்தவற்றில் பாலைவன வெயிலுக்குப் பழகிய நாட்டு மாடுகள் ஏராளம். வெப்பத்தைத் தாங்கும் உடலும் புதிய வைரசைத் தாங்கும் உடலும் ஒன்றல்ல.

வறட்சி தீவனத்தின் வழியாகவும் நஞ்சேற்றுகிறது. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அத்தகைய ஆண்டுகளில் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் ஹைட்ரோசயனிக் அமிலம் சேர்கிறது. அதை மேய்ந்த மாடு சில நிமிடங்களில் விழுந்து இறக்கக்கூடும். வறட்சிக்குப் பின் முதல் மழையில் தளிர்க்கும் மறுதாம்புச் சோளமும் அதே அளவு கொடியது. நேர்மாறாக, வெள்ளத்தில் நனைந்த வைக்கோலிலும் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் நஞ்சு உருவாகிறது. அது ஈரலைக் கெடுப்பதோடு நோய் எதிர்ப்பையும் குலைக்கிறது. ஊசி போட்ட பின்னும் நோய் வந்தது என்று கேட்கும் புகார்களில் சிலவற்றின் வேர் தீவன மூட்டையில் இருக்கலாம். காட்டோரங்களில் உண்ணிச்செடி பரவிப் புல்லை ஒழித்துவிட்டதால், பசித்த மாடுகள் அந்தச் செடியையே கடித்து மஞ்சள் காமாலையும் வெயில் பட்டால் தோல் வெடிக்கும் நோயும் அடைகின்றன. நாமக்கல் போன்ற முட்டைப் பண்ணை வட்டாரங்களில் 40 டிகிரியை நெருங்கும் வெயில் கோழிகளை நேரடியாகவே கொல்கிறது. கூரைக்கு வெள்ளையடிப்பது, நீர்த்தூவல் அமைப்பது, தீவனத்தை விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் இடுவது என்று பண்ணையாளர்கள் அதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஒற்றை மாட்டுக்காரருக்கு வேப்பமர நிழலும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியுமே அந்த ஏற்பாடு.

பூச்சிகளின் எல்லை விரிகிறது

பூச்சிகள் பரப்பும் நோய்களில்தான் காலநிலையின் கை மிகத் தெளிவாகத் தெரிகிறது. செம்மறிகளைத் தாக்கும் நீலநாக்கு நோய் இதற்குச் சிறந்த சான்று. கொசுவைவிடச் சிறிய கியூலிகாய்ட்ஸ் என்னும் கடிக்கும் பூச்சி இதன் வைரசைச் சுமக்கிறது. பூச்சியின் உடலில் வைரஸ் பெருக வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே அந்தப் பெருக்கம் நின்றுவிடும். வெப்பம் கூடினால் விரைவுபடும். குளிர் இருக்கும்வரை வட ஐரோப்பாவுக்கு இந்த நோய் எட்டாது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1998 முதல் தென் ஐரோப்பாவில் அலையலையாக வந்த நோய், 2006 கோடையில் நெதர்லாந்தில் தோன்றி பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ் எனப் பரவியது. ஆப்பிரிக்கப் பூச்சி அங்கே போகவில்லை. அங்கிருந்த உள்ளூர்ப் பூச்சி வகைகளே வைரசைச் சுமக்கத் தொடங்கின. சூடேறிய நாட்டில் பழைய பூச்சியே புதிய பகையாகலாம் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது 1964இல். பிற வெப்ப நாடுகளில் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த இனச் செம்மறிகளே கடுமையாகப் பாதிக்கப்பட, தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தில் நாட்டுச் செம்மறிகளே சாகின்றன. உதடு வீங்கி, வாயில் புண் வந்து, குளம்பின் மேல் தோல் சிவந்து, நடக்க முடியாமல் ஆடு படுத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் பட்டியின் சேறும் சாணமும் கலந்த ஈரத்தில் பூச்சி பெருகுகிறது. 1997-98இல் தமிழகத்தில் இது பெரும் கொள்ளைநோயாகப் பரவியது. ஐந்து வகை வைரசுகளுக்கு எதிரான தடுப்பூசி 2015இல் நாட்டில் வந்துவிட்டது. அதை மழைக்கு முன், ஆவணி, புரட்டாசியிலேயே போட்டு முடிக்க வேண்டும். ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்பு உருவாக இரண்டு மூன்று வாரமாகும். நோய் வந்த பிறகு ஓடி ஓடிப் போடும் ஊசி பக்கத்து ஊரைத்தான் காக்கும்.

தோல் கழலை நோயின் பயணம் இன்னும் வேகமானது. 1929இல் இன்றைய சாம்பியாவில் கண்டறியப்பட்ட அந்த நோய் பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்காவோடு நின்றது. 2019இல் ஒடிசாவில் இந்தியாவுக்குள் நுழைந்தது. 2022இல் நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவை இதைப் பரப்புகின்றன. கூடவே மனிதரின் கையும் உண்டு. சந்தையில் விற்று லாரியில் ஏற்றிய ஒரு மாடு, பூச்சி பல மாதங்களில் கடக்கும் தூரத்தை ஓர் இரவில் கடக்கிறது. வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியையே முதலில் பயன்படுத்தினார்கள். 2022இல் இந்திய ஆய்வு நிறுவனங்கள் இந்நோய்க்கெனத் தனி ஊசியை உருவாக்கின.

உண்ணி இன்னொரு வழி. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தபோது வெளிப்பட்ட, உண்ணி பரப்பும் வைரஸ் காய்ச்சல், பின்னர் மேற்குத்தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அந்த வைரசால் மாட்டுக்கு நோய் வராது. ஆனால் வளர்ந்த உண்ணிகளுக்கு ரத்தம் தந்து அவற்றின் தொகையைப் பெருக்குவது காட்டில் மேயும் மாடுதான். மாட்டின் மேலுள்ள உண்ணியை நீக்குவது அங்கே மனித உயிர் காக்கும் வேலையாகவும் ஆகிறது.

வானிலையிலிருந்து நோயை முன்கூட்டியே அறிய முடியும் என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்கா சாட்சி. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலின் வைரஸ், தாழ்நிலங்களில் காய்ந்த மண்ணில் கிடக்கும் கொசு முட்டைகளில் ஆண்டுக்கணக்காக உறங்கும். எல் நினோ ஆண்டின் பெருமழையில் தாழ்நிலம் நிரம்பினால் அது வெளிவரும். 2006இல் கடல் வெப்பத்தையும் செயற்கைக்கோளில் தெரியும் பசுமையையும் கணக்கிட்டு, நோய் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். எச்சரிக்கை சரியாகவே இருந்தது. தடுப்பூசிதான் பட்டிகளுக்குப் போய்ச் சேரத் தாமதமானது. அதற்குள் கென்யாவில் கால்நடைகளோடு மனிதரும் இறந்தார்கள். இந்தியாவில் பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனம், மாவட்டவாரியாக நோய் முன்னறிவிப்பை வெளியிட்டு வருகிறது. முன்னறிவிப்பு வந்த பிறகு எந்த நாளில் எந்த ஊருக்கு ஊசி போகும் என்பதுதான் அதன் மதிப்பை முடிவு செய்யும்.

கிருமி எந்தப் பக்கமிருந்து வருகிறது

காட்டுவிலங்கிடமிருந்து வீட்டுவிலங்குக்கு நோய் வருகிறது என்பதே பொதுவான அச்சம். வரலாறு காட்டுவதோ பெரும்பாலும் எதிர்த்திசை. ரிண்டர்பெஸ்ட் எனப்படும் வெக்கை நோய் அதற்கு மிகப் பெரிய சான்று. 1880களின் இறுதியில் கால்நடைகளோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் புகுந்த அது, சில ஆண்டுகளில் கண்டத்தின் மாடுகளில் பெரும்பகுதியையும் எருமை, மான் கூட்டங்களையும் அழித்தது. தமிழகத்திலும் அதன் தடம் உண்டு. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளின் காட்டுமாடுகள் இந்த நோயால் கூட்டம் கூட்டமாக மடிந்தன.

மீட்சி வந்த வழியும் கவனிக்கத்தக்கது. வால்டர் பிளவ்ரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசியை 1960கள் முதல் மாடுகளுக்குப் பரவலாகப் போட்டார்கள். காட்டுவிலங்குகளுக்கு யாரும் ஊசி போடவில்லை. ஆனாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியில் நோய் மறைந்தது. 1961இல் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்னும் மான் வகையின் மந்தை 1977இல் 13 லட்சமாயிற்று. இந்தியாவின் கடைசி வெக்கை நோய்ப் பதிவு 1995இல். 2011இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாட்டைக் காத்ததால் காடும் காக்கப்பட்டது என்பது இங்கே எண்ணிக்கையால் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை.

அதன் உறவு வைரசான ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் ஒழியவில்லை. இந்தியாவில் அது முதன்முதலில் 1987இல் விழுப்புரம் வட்டார அரசூரில் அடையாளம் காணப்பட்டது. அந்த ஊரின் பெயரையே தாங்கிய வைரஸ் வகையிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. ஒரே ஊசியில் பல ஆண்டுப் பாதுகாப்பு கிடைக்கும். இவ்வளவு மலிவான, உறுதியான கருவி கையிலிருந்தும் ஆடுகள் சாகின்றன என்றால் குறை ஊசியில் இல்லை. தடுப்பூசி எட்டாத இடத்தில் என்ன ஆகும் என்பதை மங்கோலியா காட்டியது. 2016-17இல் அங்கே ஆடுகளிடமிருந்து சைகா மான்களுக்குத் தாவிய ஆட்டுக்கொல்லி, மேற்கு மங்கோலியாவின் அரிய சைகா இனத்தில் பெரும்பகுதியை ஒழித்தது.

அதே சைகா இனத்துக்குக் கஜகஸ்தானில் 2015இல் நேர்ந்தது வேறு வகை. மூன்றே வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை இறந்தன. கொன்றது பாஸ்சுரெல்லா பாக்டீரியா. நம் மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் தருவதும் அதே கிருமிதான். அது எப்போதும் அந்த மான்களின் தொண்டையில் தீங்கின்றி இருந்துவந்தது. வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரமும் வந்த நாட்களில் திடீரென்று கொலைக்கிருமியாயிற்று. கிருமி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, வானிலை மாறினாலே போதும் என்ற இந்தப் பாடம் கால்நடை வளர்ப்போர் ஒவ்வொருவருக்கும் உரியது.

அடைப்பான் நோயில் மண்ணே கிருமியின் கிடங்கு. 2016 கோடையில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் கடும் வெப்பம் உறைமண்ணை இளக்கியபோது 2,300க்கும் மேற்பட்ட துருவ மான்கள் மடிந்தன. ஒரு சிறுவனும் இறந்தான். நோய் பல பத்தாண்டுகளாகத் தலைகாட்டவில்லை என்பதால் அங்கே 2007இல் மான்களுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தியிருந்தார்கள். 2022 ஜூனில் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் இதே நோயால் இறந்தபோது, அக்கம்பக்கத்து மாடுகளுக்கு ஊசி போட வேண்டியதாயிற்று. மூக்கிலும் வாயிலும் உறையாத கருத்த ரத்தம் வழிய ஒரு மாடு திடீரென்று இறந்தால் அதை அறுக்கக் கூடாது. மூடிய உடலுக்குள் அழுகலில் கிருமி செத்துவிடும். அறுத்தால் காற்றுப் பட்டு வித்தாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். காதோர ரத்தநாளத்திலிருந்து எடுக்கும் ஒரு துளி ரத்தமே நோயறியப் போதும்.

இறந்த உடலை அப்புறப்படுத்தும் பணியை ஒருகாலத்தில் பாறு கழுகுகள் செய்தன. மாடுகளுக்கு வலி நீக்கப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அவற்றின் சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழித்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் ஆகியவையும் தடைக்குள் வந்தன. தமிழகத்தில் எஞ்சிய கழுகுகளுக்கு மாயாறுப் பள்ளத்தாக்குதான் முதன்மைப் புகலிடம். கழுகு போன இடத்தில் நாய் பெருகியது. வெறிநோயும் நாய்க்காய்ச்சல் வைரசும் நாயோடு காட்டோரம் நடக்கின்றன. 1994இல் செரங்கெட்டியில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது நாய்க்காய்ச்சல் வைரஸ்தான். கழுகைக் கொல்லாத மெலோக்சிகாம் மருந்தை எழுதும் மருத்துவர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு கொள்ளைநோய்த் தடுப்பையும் செய்கிறார்.

காட்டிலிருந்து ஊருக்கு வரும் நோய்களும் இல்லாமலில்லை. 1998-99இல் மலேசியாவில் பன்றிக் கொட்டகைகளின் மேல் நின்ற பழமரங்களுக்கு வந்த வௌவால்களிடமிருந்து நிபா வைரஸ் பன்றிகளுக்கும், பின் மனிதருக்கும் தாவியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. கொட்டகைக்கு மேலே பழமரம் நிற்காமல் பார்த்துக்கொள்வது அதற்குப் பின் மலேசியாவில் கற்ற பாடம். பறவைக் காய்ச்சல் வலசைப் பறவைகளோடு வருகிறது. 2021 ஜனவரியில் இமாச்சலத்தின் போங் அணைநீரில் ஆயிரக்கணக்கான வரித்தலை வாத்துகள் இறந்தன. கேரளத்தின் குட்டநாட்டு வாத்துப் பண்ணைகளுக்கு அந்நோய் அடிக்கடி வந்துபோகிறது. அறுவடை முடிந்த வயல்களில் ஊர் ஊராக மேயும் வாத்துக் கூட்டங்களும் வலசைப் பறவைகளும் ஒரே நீரில் இறங்குவதே இணைப்புக் கண்ணி. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளிலேயே இந்த வைரஸ் கண்டறியப்பட்டதால், இதைக் கோழி நோய் என்று மட்டும் இனி ஒதுக்க முடியாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாச்சலத்திலும் நுழைந்து, 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளை எட்டி, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. அந்த வைரஸ் உணவகக் கழிவிலும் இறைச்சித் துண்டிலும் உயிரோடு பயணிக்கும். கழிவைக் காட்டோரம் கொட்டுவது அங்கே நோயைக் கொட்டுவதாகும்.

எது பயன் தந்தது, எது தரவில்லை

அஞ்சிய அரசுகள் முதலில் நாடுவது வேலியும் துப்பாக்கியும். போட்ஸ்வானாவில் கோமாரி நோயிலிருந்து ஏற்றுமதி மாடுகளைக் காக்க 1950களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேலி இட்டார்கள். 1980களின் வறட்சியில் நீரைத் தேடி நடந்த வில்டபீஸ்ட் கூட்டங்கள் அந்த வேலியோரம் பல்லாயிரக்கணக்கில் செத்தன. பிரிட்டனில் மாட்டுக் காசநோயைத் தடுக்க 1998 முதல் 2005 வரை நடந்த சோதனையில் அந்நோயைச் சுமக்கக்கூடிய பேட்ஜர் விலங்குகள் சுமார் 11,000ஐக் கொன்றார்கள். கொன்ற பகுதிக்குள் நோய் குறைந்தது. எஞ்சிய விலங்குகள் கலைந்தோடிய சுற்றுப்பகுதியில் கூடியது. பேட்ஜர்களைக் கொல்வதால் குறிப்பிடத்தக்க பயன் இராது என்று 2007இல் ஆய்வுக்குழுவே தீர்ப்பளித்தது. காட்டில் தடுப்பதைவிட மாட்டின் உடலில் தடுப்பதே மலிவு, உறுதி என்பது இந்த அனுபவங்களின் சாரம்.

அப்படித் தடுப்பதற்கு இந்தியாவில் சட்டமே உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 33அ பிரிவு, சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போடுவதைத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் பொறுப்பாக்குகிறது. ஊசி வைத்திருப்பதோ கால்நடைத் துறை. காட்டில் இறந்த கடமானைப் பார்ப்பவர் வனக் காவலர். ஊரில் கால் நொண்டும் மாட்டைப் பார்ப்பவர் கால்நடை உதவி மருத்துவர். இருவரின் பதிவேடும் ஒரே மேசைக்கு வராதவரை இந்தப் பிரிவு ஏட்டளவில்தான் இருக்கும்.

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. கோமாரி ஊசியின் பாதுகாப்பு ஆறு மாதமே நிற்கும். ஒரு சுற்றுத் தவறினால் மந்தை முழுதும் திறந்து கிடக்கும். மலையேறிப் பட்டி போட்டிருக்கும் பர்கூர் மாடுகளும், மாவட்டம் கடந்து நடக்கும் புலிக்குளம் கிடைகளும்தான் பெரும்பாலும் தவறுகின்றன. ஊசிக்குழு வரும் நாளில் அவை ஊரில் இருப்பதில்லை. ஆடி மாத அந்தியூர்க் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்கும் பொள்ளாச்சிச் சந்தைக்கும் மாடு போகுமுன் மூன்று வாரம் முன்பே ஊசி போடுவதும், புதிதாக வாங்கிய மாட்டை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுவதும், பெரும் செலவில்லாமல் செய்யக்கூடியவை.

மாநிலத்துக்கு ஒரே அட்டவணை என்பதும் மாற வேண்டும். பொள்ளாச்சிக்கு மழை ஆனியில், இராமநாதபுரத்துக்கு ஐப்பசியில். தொண்டை அடைப்பான் ஊசியும் நீலநாக்கு ஊசியும் அந்தந்த ஊரின் மழையைப் பார்த்தே போக வேண்டும். மழை முன்னறிவிப்பு மாறினால் ஊசி நாளும் மாற வேண்டும். இதற்குப் பனிப்பெட்டியில் குளிர் குறையாத ஊசியும், அதைச் சுமந்து மலையேற ஆளும் போதுமான அளவு வேண்டும். வெக்கை நோயின் கடைசிக் கட்டத்தில் ஆப்பிரிக்கப் பாலைநிலங்களில் வெற்றி தந்தது, வெயிலைத் தாங்கும் ஊசியும் அதைப் போடப் பயிற்சி பெற்ற மேய்ப்பர்களும்தான். மலைக் கிராமங்களில் அப்படிப்பட்ட உள்ளூர் ஊசிப் பணியாளர்களை உருவாக்குவதைத் தமிழகம் இனியும் தள்ளிப்போடக் கூடாது.

மரபு மருத்துவத்துக்கும் உரிய இடம் உண்டு. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் மடிவீக்க மருத்துவத்தைக் கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றோர் பரவலாக்கியிருக்கிறார்கள். ஆண்டிபயாட்டிக் பயன்பாட்டைக் குறைக்க அது உதவும். ஆனால் கோமாரி ஊசிக்கோ அடைப்பான் ஊசிக்கோ அது மாற்றாகாது.

மேய்ச்சல் பற்றிய கேள்வி இன்னும் தீரவில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலைத் தடுத்து, பின்னர் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகங்களோடு நிறுத்தியது. தடையால் கிருமிப் பரிமாற்றம் குறையலாம். அதே நேரம், காட்டில் இறந்து கிடக்கும் விலங்கை முதலில் பார்க்கும் கண்களும் பட்டிக்காரர்களுடையவைதான். அவர்களை வெளியேற்றுவதைவிட, அவர்கள் மந்தை முழுவதற்கும் ஊசி, காட்டுக்கு வெளியே கோடை நீர்த்தொட்டி, தீவனப் புல் நிலம், இறந்ததைச் சொன்னால் உடனே இழப்பீடு என்று ஒப்பந்தம் செய்வதே காட்டுக்கும் மாட்டுக்கும் நல்லது. இழப்பீடு தாமதமாகும் இடத்தில் நோயை மறைத்து மாட்டை விற்பார்கள். அது அவர்களின் குற்றம் மட்டுமன்று.

கால்நடை வளர்ப்போர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆடோ மாடோ கோழியோ திடீரென்று இறந்தாலும், காட்டில் விலங்கு இறந்து கிடந்தாலும், அறுக்காமல், ஆற்றில் தள்ளாமல், தோலுரிக்க ஆள் தேடாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ அன்றே சொல்லிவிட வேண்டும்.